டேங்கை அழிச்ச போட்டோவும் அத்தை கேட்ட கேள்வியும்: லேண்ட்ஸ்கேப் படத்துல எதை எடுக்கலாம், எதை விடணும்

போன கார்த்திகைல பென்னாகரம் பக்கம் அத்தை ஊருக்கு போயிருந்தேன். விடியக்காலைல எழுந்து கொல்லைப்பக்கம் போனா ராகி கதிர் முத்தி செம்பட்டையா தலை சாஞ்சு நிக்குது, அதுக்கு பின்னால நாலஞ்சு ஓட்டு வீடு, அதுக்கும் பின்னால நீலமா மலை, மலை இடுப்புல துண்டு கட்டின மாதிரி மேகம். நின்ன எடத்துலயே போட்டோ எடுத்துட்டேன். எல்லாம் சரி, வலது பக்கம் மட்டும் ஊர் ஓவர்ஹெட் டேங்க் வெள்ளை வெளேர்னு மலையை மறைச்சுக்கிட்டு நிக்குது. போன்ல எடிட்டை திறந்து விரலால சுத்தி ஒரு வட்டம் போட்டேன், ரெண்டு செகண்டு, டேங்க் போச்சு, அது இருந்த எடத்துல மலையும் மேகமும் தானா வந்து ஒக்காந்துக்கிச்சு. பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு.

சாயங்காலம் அத்தைகிட்ட காட்டினேன். போனை கண்ணுக்கு கிட்ட வெச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க.

"நல்லா இருக்குது கண்ணு. டேங்க் எங்கடா காணோம்?"

"படத்தை கெடுக்குதுன்னு எடுத்துட்டேங்க அத்தை."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அந்த டேங்க் வர்றதுக்கு முன்னாடி நாங்க என்ன தண்ணி குடிச்சோம்னு உனக்கு தெரியுமில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு அடுப்ப பாக்க போயிட்டாங்க.

வெளியூர்க்காரங்களுக்காக இதை சொல்லிடறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் பல ஊர்ல நிலத்தடி தண்ணில ஃப்ளோரைடு அதிகம், அது பாறைல இருந்து கரைஞ்சு வர்றது. குடிக்கிற தண்ணில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு அளவு இருக்கு. அதுக்கு மேல இருக்கற தண்ணிய சின்ன வயசுல இருந்து குடிச்சா பல்லு பழுப்பேறி கோடு கோடா ஆயிடும், ரொம்ப வருஷம் குடிச்சா எலும்பு மூட்டெல்லாம் இறுகி குனிய நிமிர முடியாம போயிடும். காவிரி தண்ணிய ஒகேனக்கல்ல எடுத்து சுத்தம் பண்ணி ரெண்டு மாவட்டத்துக்கும் குடுக்கற கூட்டுக் குடிநீர் திட்டத்தை ஜப்பான் கடன் உதவியோட கட்டி 2013ல திறந்தாங்க. அத்தை ஊர் டேங்க்ல ஏறுறது அந்த தண்ணிதான். அத்தை இப்பவும் சிரிக்கும்போது கையால வாயை மூடிக்குவாங்க.

நான் 'தொந்தரவு'ன்னு நினைச்சு அழிச்சது அந்த ஊர்லயே முக்கியமான ஒரு பொருளை. அதுல இருந்து ஒவ்வொரு தடவையும் அழிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கறேன். புதுசா கேமரா வாங்கினவங்க, போன்லயே நல்லா எடுக்க ஆரம்பிச்சவங்க நிறைய பேர் என்கிட்ட இதையே கேக்கறாங்க, கரண்ட் கம்பி, கம்பம், குப்பை, ஆளு இதெல்லாம் எடிட்ல எடுக்கலாமா, எடுத்தா அது பொய்யா, எல்லாரும் எடுக்கத்தானே செய்யறாங்கன்னு. எனக்கு புரிஞ்ச வரைக்கும் முதல்ல இருந்து சொல்றேன்.

மொதல்ல 'தொந்தரவு'ன்னா என்ன? நாம நேர்ல நின்னு பாக்கும்போது மனசு வேண்டியதை மட்டும் எடுத்துக்கும், கம்பியை கவனிக்கவே கவனிக்காது. கேமராவுக்கு அந்த பாகுபாடு கிடையாது, லென்ஸுக்கு முன்னாடி இருக்கற எல்லாமே அதுக்கு ஒன்னுதான். அதனாலதான் வீட்டுக்கு வந்து பாக்கும்போது 'இது எங்கிருந்து வந்துச்சு'ன்னு தோணுது. படம் பாக்கற கண்ணு சில எடத்துக்கு தானா ஓடும்: இருட்டுக்குள்ள இருக்கற வெளிச்சம், பச்சைக்கு நடுவுல ஒரு சிவப்பு, எழுத்து எங்க இருந்தாலும் அது, மனுஷ முகம், அப்புறம் ஃப்ரேமோட ஓரத்துல பாதி வெட்டி நிக்கற எதுவுமே. ஒரு சின்ன சிப்ஸ் பாக்கெட் பெரிய மலையை தோக்கடிக்கறது இப்படித்தான், அது சின்னதுதான் ஆனா பளபளன்னு இருக்கு, எழுத்து வேற இருக்கு. இதை கண்டுபிடிக்க ரெண்டு வழி சொல்றேன். படத்தை ஸ்டாம்ப் சைஸுக்கு சின்னதாக்கி பாருங்க, இல்லன்னா தலைகீழா திருப்பி பாருங்க. தலைகீழா இருக்கும்போது மூளை அதை மலை, மரம்னு படிக்காது, வெறும் கலரா வெளிச்சமா பாக்கும், அப்போ எது உறுத்துதோ அதுதான் தொந்தரவு. சில சமயம் நீங்க இவ்ளோ நேரம் திட்டிக்கிட்டு இருந்த கம்பி உறுத்தவே உறுத்தாது, மூலைல இருக்கற ஒரு வெள்ளை கல்லுதான் உறுத்தும்.

சரி, உறுத்துது. எடுக்கலாமா? இங்கதான் நான் மூணு வகையா பிரிச்சு பாக்கறேன்.

ஒன்னு, அந்த எடத்துலயே இல்லாதது. கேமராவுக்குள்ள படத்தை பதிவு பண்ற சென்சார் மேல ஒட்டின தூசி, லென்ஸ்ல விழுந்த தண்ணி சொட்டு. அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையற ஓட்டையை, எஃப் 16, எஃப் 22ன்னு சின்னதாக்கினா வானத்துல மங்கலா சாம்பல் கலர்ல புள்ளி புள்ளியா வரும் பாருங்க, அது சென்சார் தூசி. அது வானத்துல இல்ல, உங்க கேமராவுலதான் இருக்கு. அதை எடுக்கறதுல யாருக்கும் எந்த ஆட்சேபமும் கிடையாது, ரொம்ப கறாரான செய்திப்பட போட்டிகள்ல கூட சென்சார் தூசியை எடுக்க விடுவாங்க. இதுக்கு மேல இதுல பேச ஒன்னும் இல்ல.

ரெண்டாவது, வந்துட்டு போறது. காத்துல பறந்து வந்து முள்ளுச்செடில மாட்டின பிளாஸ்டிக் கவர், ஓரமா நிறுத்தின பைக், ஃப்ரேமுக்குள்ள நடந்து வந்தவரோட பாதி கை. நாளைக்கு வந்தா இது இங்க இருக்குமான்னு கேளுங்க. இருக்காதுன்னா நான் பெரும்பாலும் எடுத்துடுவேன், மனசு உறுத்தாது. இதுல ஒரு கண்டிஷன் மட்டும் எனக்கு நானே வெச்சிருக்கேன், கையால எடுக்க முடிஞ்சதை எடிட்ல எடுக்கக்கூடாது. ஒகேனக்கல்ல பாறை இடுக்குல கெடக்கற தண்ணி பாட்டிலை படத்துல அழிச்சா படம் மட்டும்தான் சுத்தமாகும். குனிஞ்சு எடுத்து பைல போட்டா படமும் சுத்தமாகும் பாறையும் சுத்தமாகும், அதுக்கு ஆகறது எடிட் பண்ற நேரத்தை விட கம்மி.

மூணாவதுதான் கஷ்டமானது: அந்த எடத்துக்கு சொந்தமானது. கரண்ட் கம்பம், உயர் அழுத்த டவர், செல்போன் டவர், அத்தை ஊர் டேங்க், வெட்டின மலை, ரோடு. இதெல்லாம் நாளைக்கும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும், அங்க இருக்கற ஜனங்க தினமும் இதை பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. இதை அழிக்கும்போது நாம குப்பை பொறுக்கல, அந்த ஊரையே மாத்தி எழுதறோம். மாத்தவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. ஆனா மாத்தறோம்ங்கறது தெரிஞ்சு மாத்தணும்.

இந்த குழப்பம் போன்ல ஏஐ வந்ததுக்கு அப்புறம் வந்ததுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. இல்லவே இல்ல. லேண்ட்ஸ்கேப் போட்டோகிராபின்னாலே எல்லாரும் சொல்ற பேரு ஆன்சல் ஆடம்ஸ், அமெரிக்காக்காரர், 1902ல பொறந்து 1984ல இறந்தவர். அவர் 1944ல கலிஃபோர்னியால லோன் பைன்ங்கற சின்ன ஊர்ல இருந்து சியாரா நெவாடா மலையை குளிர்கால விடியல்ல எடுத்த ஒரு படம் இருக்கு. பின்னால பனி மலை வெயில்ல மின்னுது, நடுவுல கருப்பா குன்று, முன்னாடி வெயில் விழுந்த புல்வெளில ஒரு குதிரை மேயுது. அந்த கருப்பு குன்றுல நெஜமா என்ன இருந்துச்சுன்னா, அந்த ஊர் ஸ்கூல் பசங்க வெள்ளையடிச்சு ஊர் பேரோட முதல் எழுத்து ரெண்டை பெருசா எழுதி வெச்சிருந்தாங்க. ஆடம்ஸ் பிரிண்ட்ல அந்த எழுத்தை தெரியாம பண்ணிட்டார். அதை அவர் மறைக்கல, பின்னால அவரே எழுதியும் வெச்சிருக்கார், சிலர் குறை சொன்னாங்கன்னும் சொல்லியிருக்கார். போட்டோஷாப் வெளிவந்தது 1990ல. அதுக்கு 46 வருஷம் முன்னாடி எடுத்த படத்துக்கே இந்த பஞ்சாயத்து இருந்திருக்கு.

நம்ம பக்கத்துக்கு இது அப்படியே பொருந்தும். கிருஷ்ணகிரில இருந்து எந்த ரோட்டுல போனாலும் ரெண்டு பக்கமும் பாறை, பாறைல எழுத்து இருந்தா எப்படி இருக்கும்னு நமக்கு தெரியும், கட்சி பேரு, சின்னம், கம்பெனி விளம்பரம்னு. அதை எடுக்கலாமா? ஆடம்ஸ் பண்ணதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், அவர் ஊரை பதிவு பண்ண போகல, அந்த விடியல்ல அவருக்குள்ள என்ன ஆச்சோ அதை காட்ட நினைச்சார். ஆனா அந்த பசங்களோட கண்ணால யோசிச்சா, அவங்க மலையேறி வெள்ளையடிச்சது அவங்க ஊர் மேல இருந்த ஆசைல. அது காயமா கையெழுத்தாங்கறது பாக்கறவங்க எங்க நிக்கறாங்கங்கறதை பொறுத்தது. பாறைல இருக்கற விளம்பரம் எனக்கு காயம்தான். இருந்தாலும் 'நம்ம மாவட்டத்து பாறைகள்'னு ஒரு தொடர் போடறேன்னா விட்டுடுவேன், ஏன்னா அந்த காயத்தையும்தான் காட்டணும். வீட்டு சுவத்துல மாட்ட ஒரு படம்னா எடுத்துடுவேன். ஒரே பாறைக்கு ரெண்டு பதில் வருது பாருங்க, படம் எதுக்குங்கறதை பொறுத்து. இதை புரிஞ்சுக்கிட்டா பாதி கேள்வி தீந்துடும்.

ஆனா சில எடத்துல எனக்கு ரெண்டு பதில் கிடையாது. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி டேம். தென்பெண்ணை ஆறு கர்நாடகால நந்தி மலைப்பக்கம் பொறந்து பெங்களூரு புறநகரை ஒட்டி வந்து அங்கத்த சாக்கடையும் தொழிற்சாலை கழிவும் சேந்துதான் நம்ம பக்கம் நுழையுது. டேம்ல மதகு திறந்தா தண்ணி விழுந்து அடிபடற வேகத்துல வெள்ளையா நுரை பொங்கி கரையெல்லாம் மெத்தை மாதிரி படியும். செய்தில பாத்திருப்பீங்க. தூரத்துல இருந்து எடுத்தா பனி விழுந்த மாதிரி தெரியும், பக்கத்துல போனா மூக்கை பொத்திக்கணும். அந்த நுரையை எடிட்ல எடுத்து ஆத்தை தெளிவா காட்டினா, அந்த தண்ணிய பாய்ச்சற விவசாயிக்கு நாம துரோகம் பண்றோம்னுதான் நான் சொல்வேன். இதே ஆறுதான் கீழ வந்து கிருஷ்ணகிரி பக்கத்துல இருக்கற கே.ஆர்.பி. டேம்ல தேங்குது. நுரையை எடுக்காம விட்டு, ஆனா கலரை கூட்டி, காலை வெயில்ல தங்கமா மின்ன வெச்சு 'எங்க ஊர் காஷ்மீர்'னு போடறதும் அதே தப்புதான், அங்க ஒன்னையும் அழிக்கல, ஆனா நாத்தத்தை அழிச்சாச்சு.

இன்னொன்னு கிரானைட் குவாரி. கிருஷ்ணகிரி மாவட்டத்துல பாதி வெட்டின குன்றுகளை பாக்காதவங்க இருக்க முடியாது, கேக் வெட்டின மாதிரி நேரா கோடு போட்டு. இப்ப இருக்கற ஆப்ல அந்த வெட்டை செலக்ட் பண்ணி 'நிரப்பு'ன்னு சொன்னா முழு மலையா ஆக்கி குடுத்துடும், புதரெல்லாம் வெச்சு. பாக்க நெஜமாவே நம்பற மாதிரி இருக்கும். என்னால அதை பண்ண முடியல. இல்லாத மலையை இருக்கற மாதிரி காட்டினா வெட்டினது யாருக்கும் தெரியாமலே போயிடும், பத்து வருஷம் கழிச்சு யாராச்சும் அந்த படத்தை பாத்து 'இது அப்போ முழுசாத்தானே இருந்துச்சு'ன்னு சொல்லுவாங்க.

இந்த டூல் எல்லாம் உள்ள என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சா முடிவெடுக்க இன்னும் சுலபமா இருக்கும், அதனால கொஞ்சம் சொல்றேன். குளோன் ஸ்டாம்ப்ங்கறது ஒரு எடத்துல இருக்கறதை அப்படியே நகல் எடுத்து இன்னொரு எடத்துல ஒட்டறது, அவ்ளோதான், எங்க இருந்து எடுக்கணும்னு நீங்கதான் சொல்லணும். ஹீலிங் பிரஷ் அதே மாதிரி நகல் எடுக்கும், ஆனா ஒட்டற எடத்தோட கலருக்கும் வெளிச்சத்துக்கும் ஏத்த மாதிரி கலந்து விடும், வானத்துல இருக்கற தூசிக்கு இது போதும். அடுத்தது கன்டென்ட் அவேர் ஃபில், போட்டோஷாப்ல 2010ல வந்துச்சு, இது படத்துலயே மத்த எடத்துல எல்லாம் தேடி பொருந்தற துண்டா பாத்து நிரப்பும். கூகுள் பிக்சல் போன்ல மேஜிக் இரேசர்னு 2021ல குடுத்தாங்க, இப்ப நிறைய போன்ல ஏதோ ஒரு பேர்ல இது இருக்கு. இப்ப இருக்கற ஜெனரேட்டிவ் ஏஐ வகை இதெல்லாத்தையும் விட ஒரு படி மேல, அது உங்க படத்துல இல்லாததையே புதுசா வரைஞ்சு வெக்கும்.

இங்க ஒரு விஷயத்தை அழுத்தி சொல்லணும். டேங்கை எடுத்தா டேங்குக்கு பின்னால இருந்தது வெளிய வருதுன்னு நாம நினைச்சுக்கறோம். வராது. பின்னால இருந்தது கேமராவுக்கு தெரியவே இல்ல, அது எங்கயும் பதிவாகல. ஆப் பண்றது 'இங்க இப்படி ஒன்னு இருந்திருக்கலாம்'னு ஒரு ஊகத்தை வரையறது. அன்னைக்கு சாயங்காலம் அத்தை கேட்டதுக்கு அப்புறம் நான் மறுபடியும் அந்த எடத்துக்கு போய் நாலு அடி தள்ளி நின்னு டேங்குக்கு பின்னால என்ன இருக்குன்னு பாத்தேன். மலைல அந்த எடத்துல ஆழமா ஒரு பிளவு இருக்கு, மழைத்தண்ணி எறங்கற ஓடை, ஊர்ல அதுக்கு தனியா ஒரு பேரே இருக்கு. ஆப் குடுத்த படத்துல அங்க வழவழன்னு ஒரு சரிவு. அந்த மலைய பாத்து வளந்தவங்க யார் பாத்தாலும் ஒரு செகண்டுல கண்டுபிடிச்சுடுவாங்க, 'இது நம்ம மலை இல்லியே'ன்னு.

அழிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா ஒழுங்கா அழிங்க. கம்பத்தை எடுத்துட்டு கம்பத்தோட நிழலை தரைல விட்டுடறது ரொம்ப சாதாரணமா நடக்கற தப்பு. ஏரிக்கரைல எடுத்த படம்னா தண்ணில இருக்கற பிம்பத்தையும் பாக்கணும், பாரூர் ஏரி மாதிரி அலை இல்லாத காலைல கரைல இருக்கற எல்லாமே தண்ணிலயும் ஒரு தடவை நிக்கும், மேல டவர் இல்லாம கீழ மட்டும் டவர் தெரியற படத்தை நானே பாத்திருக்கேன். குளோன் பண்ணும்போது ஒரே புதர், ஒரே கல்லு பக்கத்து பக்கத்துல ரெண்டு தடவை வந்துடும். கம்பி ஒரு மரத்துக்குள்ள நுழைஞ்சு வெளிய வருதுன்னா இலைகளுக்கு நடுவுல துண்டு துண்டா மிச்சம் நிக்கும். நூறு சதவீதம் பெருசாக்கி ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஒரு தடவை நிதானமா பாருங்க.

'அப்போ க்ராப் பண்றதும் எடுக்கறதுதானே, அது மட்டும் எப்படி சரி?'ன்னு ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. க்ராப்னா படத்தோட ஓரத்தை வெட்டறது, நான் எங்க வரைக்கும் காட்டறேன்னு முடிவு பண்றேன். ஃப்ரேமுக்கு வெளிய உலகம் இருக்குன்னு பாக்கறவங்களுக்கு தெரியும், வெளிய என்ன இருக்குன்னு நான் எதுவும் சொல்லல. நடுவுல இருக்கறதை அழிச்சா 'இங்க ஒன்னும் இல்ல'ன்னு நானே சாட்சி சொல்ற மாதிரி. க்ராப்லயும் ஏமாத்தலாம்தான், ஆனா அது வேற ரகம். செய்திப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டிலயும் இப்படித்தான், ஓரத்துல வேண்டாததை க்ராப் பண்ணலாம், உள்ள இருக்கறதை எடுக்கவோ சேக்கவோ கூடாது. 2015ல கடைசிக்கு முந்தின சுற்று வரைக்கும் வந்த படங்கள்ல அஞ்சுல ஒரு பங்கை இப்படி மாத்தினதுக்காக வெளிய தள்ளினாங்க, அதுல பலது சின்ன சின்ன பொருளை அழிச்சதுதான். செய்தி மாதிரி பாக்கப்படற பத்திரிகைல ஒரு பழைய உதாரணம், நேஷனல் ஜியாகிரபிக் 1982 பிப்ரவரி அட்டை. எகிப்து பிரமிடு ரெண்டு அட்டையோட நீள வாக்குக்கு அடங்கலைன்னு கம்ப்யூட்டர்ல நகத்தி பக்கத்துல கொண்டு வந்துட்டாங்க. பிரமிடு அழகாத்தான் இருந்துச்சு, ஆனா வருஷக்கணக்கா அதுக்கு பேச்சு வாங்கினாங்க. லேண்ட்ஸ்கேப் போட்டிலயும் உண்டு, பிரிட்டன்ல 2012ல வருஷத்தோட சிறந்த லேண்ட்ஸ்கேப் படம்னு பரிசு குடுத்ததை எடிட் அளவுக்கு மீறி இருக்குன்னு திரும்ப வாங்கிட்டாங்க. நீங்க போட்டிக்கு அனுப்பறதா இருந்தா விதிமுறையை வரி வரியா படிச்சுட்டு அனுப்புங்க, ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

போட்டிக்கு அனுப்பாதவங்களும் ஒன்னை யோசிக்கணும், உங்க படத்தை பாத்துட்டு யாராச்சும் கெளம்பி வருவாங்க. ஒகேனக்கல் பேருக்கே கன்னடத்துல 'ஹொகே' புகை, 'கல்' பாறைன்னு அர்த்தம், தண்ணி விழற வேகத்துல சாரல் புகையா எழும்பும். அங்க ஞாயித்துக்கிழமை எடுத்த படத்துல கூட்டத்தை, பரிசலை, மீன் வறுக்கற கடையை எல்லாம் அழிச்சு தனி அருவியா போட்டா அதை நம்பி குழந்தை குட்டியோட பஸ் ஏறி வர்ற ஒரு குடும்பம் ஏமாந்துதான் போகும். இதுல ஏமாத்தத்தை விட பெரிய ஆபத்து ஒன்னு இருக்கு. அருவி, டேம் பக்கத்துல எடுக்கும்போது தடுப்பு கம்பி, 'இங்கே இறங்காதீர்கள்' போர்டு இதெல்லாம் ஃப்ரேம்ல வந்து கெடுக்கத்தான் செய்யும், மஞ்சளும் சிவப்புமா எழுத்தோட இருக்கும். அதை அழிச்ச படத்தை பாக்கற ஒரு பையன் அந்த பாறை நின்னு போட்டோ எடுக்கற எடம்னு நினைச்சுக்குவான். தடுப்பையும் எச்சரிக்கை போர்டையும் நான் எந்த காரணத்துக்காகவும் அழிக்க மாட்டேன், படம் வேணாம்னு விட்டாலும் விடுவேன்.

கூட்டம் இல்லாத படம் வேணும்னா நேரான வழி நிறைய இருக்கு. சீக்கிரம் போங்க, இதுதான் முதல் வழி. முடியலைன்னா டிரைபாட்ல கேமராவை அசையாம வெச்சு கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு பதினஞ்சு இருபது படம் எடுங்க, அப்புறம் கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் ஒன்னு மேல ஒன்னு அடுக்கி மீடியன் (ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லா படத்துலயும் இருக்கற மதிப்புல நடுவுல வர்றது) எடுத்தா நடமாடற ஆளுங்க காணாம போய் பாறையும் படிக்கட்டும் மட்டும் நிக்கும். இதுல ஏஐ மாதிரி ஊகம் கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஒரு நிமிஷத்துல கேமரா நெஜமா பாத்ததுதான், அதனால எனக்கு இந்த முறை ரொம்ப பிடிக்கும். வெளிச்சத்தை குறைக்கற கருப்பு கண்ணாடியான என்.டி. ஃபில்டரை லென்ஸ் முன்னாடி போட்டு அரை நிமிஷம் ஷட்டரை திறந்து வெச்சாலும் நடக்கறவங்க கரைஞ்சுடுவாங்க, ஒரே எடத்துல நிக்கறவங்க மட்டும் ஆவி மாதிரி தெரிவாங்க.

கம்பி, கம்பத்துக்கு காலுதான் மருந்து. ராயக்கோட்டை மலைக்கோட்டையை கீழ தக்காளி தோட்டத்துல இருந்து எடுக்க போனப்போ கம்பி குறுக்க மூணு கோடு போட்டுச்சு. குனிஞ்சு தக்காளி குச்சி உயரத்துக்கு வந்தேன், கம்பி மேல ஏறி ஃப்ரேமை விட்டே போயிடுச்சு, முன்னாடி பழம் செவப்பா பெருசா வந்து படம் இன்னும் நல்லா ஆயிடுச்சு. இன்னொரு எடத்துல எவ்ளோ நகந்தாலும் கம்பம் போகல, சரின்னு அதையே முன்னாடி வெச்சேன், வரிசையா கம்பம் சின்னதாகிக்கிட்டே போய் மலை அடிவாரத்துல ஒரு வீட்டுல முடியுது, கண்ணை கையை பிடிச்சு கூட்டிட்டு போற மாதிரி. தொந்தரவா இருக்கற பொருளை படத்தோட விஷயமா மாத்த முடியுதான்னு பாக்கறது எனக்கு எடிட்டை விட சந்தோஷமான வேலை. அத்தை ஊர்லயும் கடைசில அதைத்தான் பண்ணேன். மறுநாள் காலைல டேங்குக்கு இந்த பக்கம் குழாயடில நாலு குடமும் ரெண்டு பொம்பளைங்களும் நிக்கும்போது அவங்ககிட்ட கேட்டுட்டு எடுத்தேன், மலை பின்னால கொஞ்சமாத்தான் தெரியுது. பழைய படத்தை விட இது அழகு கம்மிதான், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா அத்தை பிரிண்ட் போட்டு கேட்டது இந்த படத்தைத்தான்.

கடைசியா பழக்கத்துக்கு ரெண்டு விஷயம். ஒரிஜினலை, ரா ஃபைல் (கேமரா எந்த மாத்தமும் பண்ணாம அப்படியே சேவ் பண்றது) இருந்தா ராவை, எப்பவும் தொடாம தனியா வெச்சுக்குங்க, எடிட் பண்றது நகல்ல மட்டும். சில ஆப் ஒரிஜினல் மேலயே சேவ் பண்ணிடும், அந்த செட்டிங்கை பாத்துக்குங்க, அஞ்சு வருஷம் கழிச்சு அந்த கம்பம் எந்த எடத்துல இருந்துச்சுன்னு தேட வேண்டி வரலாம். ரெண்டாவது, எடுத்தா சொல்லிடுங்க. பெருசா விளக்கம் வேணாம், படத்துக்கு கீழ ஒரு வரி போதும், நான் இப்படித்தான் எழுதறேன்: 'தீர்த்தமலை, காலை 6.40. இடது ஓரத்துல கை எட்டாத முள்ளுல மாட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் கவரை எடிட்ல எடுத்திருக்கேன். கம்பியெல்லாம் இருந்தது இருந்தபடி.'